கோபம் குற்றமா, நோயா?

"அவருக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது, மற்றபடி தங்கமான மனிதர்."

நம்மவர் வீடுகள் பலவற்றில் இந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறோம். சொல்பவர் பெரும்பாலும் மனைவி. சில வேளை மாமியார். சொல்லும் தோரணையில் பாதி புகார், பாதி பெருமை. கோபமுள்ள இடத்தில்தான் குணமுண்டு என்ற பழமொழி வேறு துணைக்கு வந்துவிடுகிறது. கேட்பவரும் தலையை ஆட்டி, கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போகிறார். அந்த வீட்டில் மறுநாள் என்ன நடந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை.

வியாபாரிகளாகிய நமக்கு இதில் ஒரு விசேஷச் சங்கடம் உண்டு. கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது நாம் கோபிப்பதில்லை. அரைக் கிலோ வெங்காயம் வாங்க வந்தவர் மூட்டை முழுவதையும் கிளறிப் பார்த்துவிட்டு, கடைசியில் வேண்டாமென்று போனாலும், "பரவாயில்லை, நாளைக்கு வாங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்கிறோம். இரவு கடையடைத்து வீட்டுக்குப் போனதும் சோறு ஆறிவிட்டதென்று தட்டு பறக்கிறது! இப்படிப்பட்டவரிடம் போய், "உங்களால் கோபத்தை அடக்க முடியாதா?" என்று கேட்கவே வேண்டியதில்லை. காலை எட்டு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை அடக்கித்தானே இருந்தார்? அவருக்கு வேண்டியது வைத்தியரன்று. வாடிக்கைக்காரருக்குக் காட்டும் மரியாதையில் காற்பங்காவது மனைவிக்கும் உரியது என்று எடுத்துச் சொல்லும் ஒரு நண்பர்தான். தம் குடும்பத்தாரிடம் சிறந்தவராக இருப்பவரே உங்களில் சிறந்தவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை நாம் நிக்காஹ் மேடைகளில் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

ஆனால் எல்லாருடைய கோபமும் இந்த வகையைச் சேர்ந்ததன்று. கல்லாவிலும் அடங்காத கோபம் ஒன்றுண்டு. காரணமின்றி ஏறி, காரணமின்றி இறங்கும் மனநிலை ஒன்றுண்டு. அதைக் குற்றமென்று சொல்வதா, நோயென்று சொல்வதா? குற்றமென்றால் வைத்தியரிடம் போவானேன்? நோயென்றால் அதைச் சகித்துக்கொண்டிருக்கும் மனைவிக்கு யார் பதில் சொல்வது? இந்தக் கேள்வியைத்தான் இங்கே சற்று யோசிக்க விரும்புகிறேன்.

எனக்கு நெடுநாள் பழக்கமான ஒருவர். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து வாசலில் அவருடைய தகப்பனார் மளிகைக் கடை வைத்திருந்தார். பால்மரம் வெட்டுகிறவர்கள் மாதம் முழுவதும் 555 புத்தகத்தில் எழுதிச் சாமான் வாங்குவதும், சம்பள நாளன்று வந்து தீர்ப்பதுமாக நடந்த வியாபாரம். பின்னர் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். ஆட்கள் குறைந்தார்கள், லயங்கள் காலியாயின, தீராத 555 புத்தகங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய மிஞ்சின. மகன் ஈப்போவுக்கு வந்து புதிதாகக் கடை திறந்தார். நல்ல உழைப்பாளி; தொழுகையாளி; கை சுத்தம்.

ஆனால் வருஷத்தில் ஏதோ ஒரு காலத்தில் அவர் வேறு ஆளாகிவிடுவார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, கடையைத் திறந்து, அலமாரிகளை இடம் மாற்றி அடுக்குவார். மூன்று மணி நேரத் தூக்கம் போதும், உடம்பில் இவ்வளவு தெம்பு ஒருநாளும் இருந்ததில்லை என்பார். ஆறு மாதம் விற்றாலும் தீராத மசாலைச் சாமானுக்கு ஒரே நாளில் ஆர்டர் கொடுப்பார். தைப்பிங்கில் ஒரு கிளை, தெலுக் இந்தானில் ஒரு கிளை என்று பேச்சு ஓயாது. குறுக்கே யாராவது ஒரு வார்த்தை சொன்னால் வெடிப்பார். மொத்த வியாபாரியிடமும் வெடிப்பார், பள்ளிவாசல் தாழ்வாரத்தில் பெரியவர்களிடமும் வெடிப்பார். வீட்டில் அதைவிடப் பத்து மடங்கு. ஒரு தடவை எறிந்த படிக்கல் மனைவியின் தலைக்கு ஒரு சாண் தள்ளி நிலைக்கதவில் பட்டது. சில வாரம் இப்படி. பிறகு அப்படியே சாய்ந்துவிடுவார். குளிக்கமாட்டார், கடைக்கு வரமாட்டார், பிள்ளைகள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கமாட்டார். அப்போதெல்லாம் அந்த அம்மாள்தான் கல்லாவில் உட்காருவார். வருகிறவர்களிடம் "காய்ச்சல்" என்பார். வருஷம் இரண்டு தடவை மாதக்கணக்கில் வரும் காய்ச்சல்!

அந்தச் சகோதரி ஒருநாள் என்னிடம் சொன்னார்: "காக்கா, உங்க கூட்டாளி கெட்டவரா இருந்தா நான் என்னைக்கோ எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பேன். நல்லவரா இருக்கிறதுதான் கஷ்டமா இருக்கு. எந்த நாளைக்கு எந்த ஆள் வீட்டுக்கு வருவார்னு தெரியலையே."

இந்தச் செய்தி உறவினருக்குள் பரவியபோது அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை. ஈமானில் குறை என்றார் ஒருவர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள், வியாபாரப் போட்டி என்றார் இன்னொருவர். படித்த இளைஞர் ஒருவர், "இது மூளையில் சுரக்கும் ரசாயனத்தின் கோளாறு, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை" என்று ஒரே போடாகப் போட்டார். மூன்று பேரும் மூன்று திசையிலிருந்து வந்தாலும் ஒரே இடத்தில்தான் போய் நின்றார்கள்: அந்த மனிதர் இனிச் செய்ய வேண்டியது ஏதுமில்லை. முதலாமவர் கருத்துப்படி அவர் வெட்கப்பட வேண்டும். இரண்டாமவர் கருத்துப்படி எதிரியைத் தேட வேண்டும். மூன்றாமவர் கருத்துப்படி சும்மா இருந்தால் போதும்.

மார்க்கம் கோபத்தைப் பற்றி என்ன சொல்கிறது? தமக்கு உபதேசம் வேண்டுமென்று கேட்ட மனிதரிடம், கோபம் கொள்ளாதீர் என்றே நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதாகப் புகாரி ஷரீபில் காண்கிறோம். மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் வீரனல்லன், கோப வேளையில் தன்னை அடக்குபவனே வீரன் என்றும் அருளினார்கள். அத்தோடு விட்டார்களா? நின்றுகொண்டிருந்தால் உட்காரவும், அதிலும் தணியாவிட்டால் படுக்கவும் வழி சொன்னார்கள். கோபத்திலிருக்கும் நீதிபதி தீர்ப்புச் சொல்லலாகாது என்று தடுத்தார்கள். இவற்றைக் கவனித்துப் பார்த்தால், கோபம் வந்த மனிதனிடம் கோபப்படாதே என்று சொல்வது மட்டும் போதாது, உடம்புக்கும் ஏதேனும் ஒரு காரியம் செய்தாக வேண்டும் என்ற ஞானம் அதிலே இருக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கோபத்தை வேட்டை நாய்க்கு ஒப்பிட்டார்கள். அதைக் கொன்றுவிடக் கூடாது. பழக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல உவமை. பழக்கிய நாய்க்கே நோய் கண்டால் எஜமானனுடைய சீழ்க்கை போதுமா என்று மட்டும் நான் கேட்டுக்கொள்கிறேன். நாட்டுப்புற அரபிகள் வந்து, நாங்கள் மருந்து செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமை தவிர மற்ற எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்று அருளியவர்களும் அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம். வயிற்று வலிக்கு மட்டும் என்று அவர்கள் எல்லை போடவில்லை.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். பல்க் நகரத்து அபூஸைத் அல்பல்கீ என்ற பேரறிஞர் 934-ஆம் ஆண்டு மறைந்தவர். உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இரு பாகமாக எழுதினார். உடல் நோயுறுவதுபோல உள்ளமும் நோயுறும் என்று சொல்லி, கோபம், துக்கம், அச்சம், வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். துக்கத்தை அவர் இரண்டாகப் பிரித்தது ஆச்சரியம். மகன் இறந்தான், பொருள் போயிற்று என்று காரணம் தெரிந்த துக்கம் ஒன்று. காரணமே தெரியாமல் வந்து கவிந்து, ஒன்றிலும் ருசியில்லாமல் செய்யும் துக்கம் மற்றொன்று. இரண்டாவது உடம்பிலிருந்து கிளம்புவது, அதற்கு உடம்புக்கான சிகிச்சையும் வேண்டும் என்றார். வீட்டில் அவசரத்துக்கு மருந்து வாங்கி வைப்பதுபோல, கோபமோ அச்சமோ வரும் நேரத்துக்கென்று நல்ல எண்ணங்களை அமைதியான காலத்திலேயே சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவருடைய யோசனை. கோலாலம்பூர் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சூடான் நாட்டுப் பேராசிரியர் மாலிக் பத்ரி அந்த உள்ளப் பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013-இல் வெளியிட்டார். டமாஸ்கஸில் 1154-லும், கெய்ரோவில் 1284-லும் எழுந்த பெரிய மருத்துவமனைகளில் மனோவியாதிக்காரருக்கும் இடம் ஒதுக்கி வைத்தியம் பார்த்தார்கள்.

நண்பரின் கதைக்கு வருவோம். உறவினர்கள் முதலில் அவரை ஏர்வாடிக்கு அழைத்துப் போனார்கள். இராமநாதபுரம் சீமையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இது பழக்கமான வழி. பாதுஷா நாயகம் அவர்களின் தர்காவில் நாற்பது நாள் தங்கினால் தெளியும் என்ற நம்பிக்கை தலைமுறைகளாக இருந்துவருகிறது. ஸியாரத்தைப் பற்றியோ துஆவைப் பற்றியோ நான் விவாதிக்கப் போவதில்லை. அது ஆலிம்களின் காரியம். ஆனால் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலையில் அங்கே நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. தர்காவை நம்பி வருவோரை வைத்துக் காசு பார்த்த தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. அந்த 28 பேரும் யாரோ ஒருவரின் கணவர், யாரோ ஒருவரின் மனைவி, யாரோ ஒருவரின் பிள்ளை. கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். செலவழித்து, அழுது, துஆச் செய்து விட்டுவந்தவர்கள். அதன்பின் துஆவோடு மருந்தையும் சேர்த்தே கொடுக்கும் ஏற்பாடு அவ்வூரில் வந்தது. துஆக் கேட்கும் கைக்கு மாத்திரை வாங்கத் தடையென்ன?

நண்பர் ஏர்வாடியிலிருந்து திரும்பினார். மூன்று மாதம் நன்றாக இருந்தார். நோயின் சுபாவமே அப்படி, தானாகவே சற்றுக் காலம் இறங்கும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. நான்காவது மாதம் பழையபடி தொடங்கிற்று. வைத்தியரிடம் போகலாமா என்று நான் கேட்டதற்கு, "என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பார்க்கிறாயா?" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

ஈப்போவிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள அந்தச் சிற்றூரின் பெயரைச் சொல்லி இந்நாட்டில் எத்தனை பேர் எத்தனை பேரை ஏசியிருப்பார்கள்! 1911-இல் பிரிட்டிஷார் அங்கே மனநோய் மருத்துவமனையைத் திறந்தார்கள். அக்காலத்தில் உள்ளே போனவர்களில் பலர் அங்கேயே கிழவர்களாகி மடிந்தார்கள் என்பது உண்மையே. நோயைத் தணிக்கும் மருந்து உலகத்தில் எங்குமே இல்லாத காலம் அது; அடைத்து வைப்பது ஒன்றுதான் வழி. 1970-களில் அதற்கு பஹாகியா, அதாவது மகிழ்ச்சி, என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறிற்று, நம் வாயில் ஏச்சு மாறவில்லை.

மருந்து வந்த கதையைக் கேட்டால் வியப்பாக இருக்கும். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, சிங்கப்பூர் சாங்கி முகாமில் மூன்றாண்டுக்கு மேல் கைதியாக இருந்த ஆஸ்திரேலிய வைத்தியர் ஜான் கேட். பட்டினியிலும் நோயிலும் மனிதருடைய மனம் மாறுவதைக் கண்ணால் கண்டவர். ஊர் திரும்பி மெல்பர்ன் அருகே ஒரு மருத்துவமனையில் வேலை செய்தபோது, லித்தியம் என்ற சாதாரண உப்பு, வெறிகொண்டு அலைந்த நோயாளிகளை அமைதிப்படுத்துவதைக் கண்டுபிடித்து, 1949-இல் வெளியிட்டார். அவருடைய முதல் நோயாளி ஐந்து வருஷமாக ஓயாத கிளர்ச்சியில் கிடந்தவர். சில மாதத்தில் தெளிந்து வீட்டுக்குப் போனார், பழைய வேலையிலும் சேர்ந்தார். பிறகு, குணமாகிவிட்டதே என்று மருந்தை நிறுத்தினார். நோய் திரும்பி, மறுபடி மருத்துவமனைக்கே வந்தார். கடைசியில் அந்த மருந்தின் அளவு உடம்பில் மிகுந்து, அந்த நஞ்சினாலேயே இறந்தார். இன்று இந்த மருந்தை எடுப்பவருக்கு இரத்தத்தைச் சோதித்து அளவு பார்ப்பதை வைத்தியர்கள் விடாமல் செய்வதன் காரணம் இதுதான். 1952-இல் பாரிஸில் இன்னொரு வகை மருந்து வந்தது. பின்னர் வேறு பலவும் வந்தன. அடைத்து வைக்கும் காலம் போய், மருந்தோடு வீட்டில் வாழும் காலம் வந்தது.

மருந்து எல்லாருக்கும் ஒன்றன்று, நோயும் ஒன்றன்று. நண்பருக்கு இருந்ததை வைத்தியர்கள் இருமுனை மனநோய் என்கிறார்கள்: ஒரு முனையில் அளவுக்கு மிஞ்சிய ஏற்றம், மறு முனையில் மீளாச் சோர்வு. சிலருக்கு வெறும் சோர்வே எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படும், ஆண்களிடத்தில் இது மிகுதி. அழத் தெரியாதவன் கத்துகிறான். சர்க்கரை சட்டென்று இறங்கினாலும், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மிதமிஞ்சிச் சுரந்தாலும், குறட்டையால் இரவெல்லாம் மூச்சுத் தடைபட்டுத் தூக்கம் கெட்டாலும் மனிதன் சிடுசிடுப்பான். பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனைவிக்கு இப்படி ஆவதுமுண்டு. அவளைத் திமிர் பிடித்தவள் என்று ஏசுகிறோம். எது என்று கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனையும் நிதானமான விசாரணையும் வேண்டும். அதைப் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் செய்ய முடியாது.

இப்போது முதற் கேள்விக்கு வருகிறேன். குற்றமா, நோயா?

தலாக்கைப் பற்றி ஆராய்ந்த இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் கோபத்தை மூன்று படியாகப் பிரித்தார்கள். தான் சொல்வது தனக்குத் தெரிந்த கோபம், அறிவு முற்றிலும் மறைந்துவிட்ட கோபம், இரண்டுக்கும் இடைப்பட்டது. முதலாவதில் சொன்ன சொல் அவனைக் கட்டும், இரண்டாவதில் கட்டாது, மூன்றாவதில்தான் வழக்கு. நியாயமான பாகுபாடு. ஆனால் இது கோபம் கொதிக்கும் அந்த நாழிகையைப் பற்றியது. நான் கேட்பது அதற்கு முந்திய நாளையும் பிந்திய நாளையும் பற்றி.

நண்பர் படிக்கல்லை எறிந்த நாழிகையில் அவரிடம், "ஏன் எறிந்தீர்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது, அவருக்கே தெரியாது. ஆனால் வருஷத்தில் ஏழெட்டு மாதம் அவர் தெளிவாக இருந்தாரே! கணக்குப் பார்த்தார், ஸக்காத் கணக்கிட்டார், மகளுக்கு மாப்பிள்ளை தேடினார். அந்தத் தெளிந்த நாளொன்றில், "மறுபடியும் அது வரும் என்று உமக்குத் தெரியும்; வருமுன் என்ன செய்தீர்?" என்று கேட்கலாமல்லவா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை அவருக்கு உண்டு. வெள்ளம் வருவது கடைக்காரனுடைய குற்றமன்று. வருஷந்தோறும் வெள்ளம் ஏறும் தெருவில் அரிசி மூட்டையைத் தரையிலே அடுக்கி வைத்திருப்பவன், பங்காளியிடம் வெள்ளத்தைக் காரணம் சொல்ல முடியுமா?

ஆகவே நோய் என்று ஒப்புக்கொள்வதால் பொறுப்புக் குறைகிறது என்ற எண்ணம் தவறு. பொறுப்பு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கோப வேளையில் இருந்த பொறுப்பு, தெளிந்த வேளைக்கு வந்து சேருகிறது. தெரியாதவரை அவர் பரிதாபத்துக்குரியவர். தெரிந்தபின் வைத்தியரிடம் போகாமலிருந்தால், அடுத்த தடவை பறக்கும் படிக்கல் அவர் எறிந்ததுதான். ஈமானில் குறை என்று சொன்ன பெரியவரும், ரசாயனம் என்று சொன்ன இளைஞரும் கவனிக்கத் தவறியது இந்தத் தெளிந்த நாளை.

இதே நியாயம் மனைவியின் பக்கத்திலும் ஒன்றைச் சொல்கிறது. ஸபுரு செய் என்று அவளுக்கு உபதேசிக்க நாம் அனைவரும் தயார். ஸபுரு என்பது அடி வாங்கிக்கொண்டு வாய் மூடியிருப்பதன்று. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் முஸ்லிம்களுக்கும் சேர்த்தே இயற்றப்பட்டது; பாதுகாப்பு உத்தரவு கேட்க அவளுக்கு உரிமையுண்டு. பேராக்கின் 2004-ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டப்படி கோர்ட்டுக்கு வெளியே, அனுமதியின்றித் தலாக் சொல்வது குற்றம். கோபத்தில் வாய் தவறிற்று என்பவரும் ஷரீஅத் கோர்ட்டின் முன் போய் நின்றே தீர வேண்டும். சண்டை முற்றினால் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைக்கும்படி குர்ஆன் ஷரீபிலேயே வழி காட்டப்பட்டிருக்கிறது. அந்த நடுவர்கள், யார் முதலில் கத்தினார் என்ற விசாரணையோடு, இவர் கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினார் என்றும் ஒரு கேள்வி கேட்டால் பல வீடுகள் பிழைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சத்தை நான் லேசாக எண்ணவில்லை. பெண் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது, மொத்த வியாபாரி கடன் கொடுக்கத் தயங்குவான், பங்காளி பிரிந்துகொள்வான். இவையெல்லாம் நடக்கக்கூடியவையே. ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஊருக்கு ஏற்கெனவே தெரியாதது எது? சத்தம் தெருவுக்குக் கேட்டது. தட்டு உடைந்தது பக்கத்து வீட்டுக்குத் தெரியும். ஆறு மாதச் சரக்கு தேங்கியது மொத்த வியாபாரிக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாமலிருப்பது, இவர் சிகிச்சை பெறுகிறார் என்ற ஒன்றே! 2023-ஆம் ஆண்டு நாடளாவிய சுகாதார ஆய்வு, மனச்சோர்வு மட்டுமே நூற்றுக்கு 4.6 பேருக்கு, அதாவது ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்கு, இருப்பதாகக் கண்டது. 2019-இல் கண்டதைப்போல இது இரு மடங்கு. நம் ஜமாஅத் மட்டும் இந்தக் கணக்கிலிருந்து விலக்குப் பெற்றிருக்க முடியுமா?

நண்பரிடம் எப்படிப் பேசினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொதிக்கும்போது பேசவில்லை, சோர்ந்து கிடந்தபோதும் பேசவில்லை. நன்றாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்தபின், அவருடைய மைத்துனரும் நானும் போய் உட்கார்ந்தோம். மைத்துனர், "மச்சான், பைத்தியம்னு யாரும் சொல்லலை. அக்கா பயப்படுறாங்க. அதை மட்டும் பாருங்க" என்றார். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "கடையை யார் பார்ப்பது?" என்று கேட்டார். போவதற்குச் சம்மதித்துவிட்டார் என்று புரிந்துகொண்டோம்.

தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போக வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. முதலில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போனோம். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளி. அங்கிருந்து கடிதம் கொடுத்து, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. அந்த வைத்தியர் முதலில் கேட்டது தூக்கத்தைப் பற்றி. அடுத்துக் கேட்டது மனைவியிடம். நோயாளிக்கு ஏற்றம் வரும்போது அது நோயென்று அவருக்கே தெரியாது, இவ்வளவு நன்றாக இருந்ததில்லை என்றே தோன்றும். ஆகையால் கூட இருப்பவர் சொல்வதுதான் சாட்சி என்றார். பேசி ஆலோசனை சொல்லும் ஒருவரிடமும் இருவரையும் சேர்த்து அனுப்பினார்.

மருந்துக்குப் பலன் தெரிய வாரங்கள் பிடித்தன. தாகம் எடுத்தது, கை சற்று நடுங்கிற்று, அளவை இரண்டு தடவை மாற்றினார்கள். ரமளான் வந்தபோது ஒரு சிக்கல். லித்தியம் எடுப்பவருக்கு உடம்பில் நீர் குறைந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடக்கூடும். நோன்புக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லி அவர் தீர்மானிப்பதைக் கேட்க வேண்டும். தானாக மருந்தை நிறுத்திவிட்டு நோன்பு வைப்பது ஆபத்து. நோயாளிக்கு மார்க்கம் கொடுத்திருக்கும் சலுகையை ஏற்பதற்கு நண்பர் மிகவும் மனம் கூசினார். பள்ளிவாசலில் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அந்த மாதம் முழுவதும் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். நம்மில் யாரேனும் ஒருவர் பகலில் தண்ணீர் குடிப்பதைக் கண்டால் காரணம் கேட்காமல் நகர்ந்துவிட நாம் பழக வேண்டும்.

இப்போது ஆண்டுகள் சில ஆகின்றன. முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சர்க்கரை வியாதியைப்போல இதுவும் கூடவே இருக்கும் என்று வைத்தியரே சொல்லிவிட்டார். ஆனால் கடை நடக்கிறது. கல்லாவுக்கடியில் ஒரு 555 புத்தகம் இருக்கிறது, கடன் எழுதுவதற்கன்று. இரவு எத்தனை மணி நேரம் அவர் தூங்கினார் என்பதை அந்த அம்மாள் நாள்தோறும் அதில் எழுதுகிறார். தொடர்ந்து மூன்று இரவு நான்கு மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால், ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து கணவர் முன் வைப்பது என்று, தெளிவான ஒரு நாளில் இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. சென்ற வருஷம் ஒரு தடவை அப்படி வைத்தார். அவர் புத்தகத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டு வெளியே போனார். மறுநாள் காலை, பக்கத்திலுள்ள சீனர் கடையில் புதிதாக ஒரு 555 புத்தகம் வாங்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு, அப்படியே கிளினிக்குக்கு நடந்தார்.